மூன்று கடிதங்களும் ஒரு தாயின் கேள்வியும்

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம், இயேசுவின் திரு இருதயப் பெருவிழா மாலை. திருப்பலி முடிந்து, திருவுடைகளைக் களைந்துவிட்டுப் பங்கு இல்லத்துக்குத் திரும்பினோம். திண்ணையில் ஒரு தாயும் மகனும் காத்திருந்தனர். மகன் ஒரு காலத்தில் நம் பீடச்சிறுவன். தூபக் கலசத்தைத் தூக்க முடியாமல் தூக்கி நடந்தவன். இப்போது சிவில் பொறியியலில் இளநிலைப் பட்டதாரி. தாய் தலையில் இட்ட முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை. தந்தை கடலுக்குப் போயிருந்தார்.

அவர்கள் கையில் மூன்று கடிதங்கள் இருந்தன. முதலாவது, அமெரிக்காவில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் பொறியியல் மேலாண்மையில் முதுநிலைப் படிப்புக்கு இடம் தந்த கடிதம். இரண்டாவது, செர்மனியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. நீர் மற்றும் கடற்கரைப் பொறியியல். மூன்றாவது, நம் நாட்டிலேயே ஒரு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில், கேட் தேர்வு மதிப்பெண்ணின் பேரில் கிடைத்த எம்.டெக். இடம், கட்டமைப்புப் பொறியியல்.

“சாமி, இவன் சொல்றது எனக்கு ஒண்ணும் புரியல. ஏஜெண்டு அமெரிக்காதான் பெருசுங்கிறார். வீட்டுப் பத்திரத்தைக் கேக்கிறாங்க. இதுல எது நல்லதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா இவன் கேப்பான்” என்றார் அந்தத் தாய்.

பதில் சொல்ல வாயெடுத்தோம், சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நாம் பணியாற்றியபோது, இதே போன்று ஒரு குடும்பம் வந்தது. மகனுக்கு வெளிநாட்டில் முதுநிலைப் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. கால்மணி நேரத்திற்குள் நாம் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். “தயங்காதீர்கள், ஆண்டவர் திறந்த கதவு இது” என்றோம். பரிந்துரைக் கடிதம் ஒன்றும் எழுதிக் கொடுத்து, தலையில் கைவைத்துச் செபித்து அனுப்பினோம். மகன் போனான், நன்றாகவே படித்தான், பட்டமும் பெற்றான். ஆனால் அனுமதிக்கப்பட்ட நாள்களுக்குள் வேலை கிடைக்கவில்லை. திரும்பி வந்தான். வட்டியோ திரும்பிப் போகவில்லை. நாம் ஓர் ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழாவன்று மந்திரித்துக் கொடுத்த அந்த வீட்டில் இன்று வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அந்தத் தந்தை ஒருநாளும் நம்மைக் குறை சொன்னதில்லை. தெருவில் கண்டால் இன்றும் கைகூப்புகிறார். அந்தக் கைகூப்பைத் தாங்குவதுதான் கடினமாக இருக்கிறது. என்ன படிப்பு என்று நாம் கேட்கவில்லை. எவ்வளவு கடன் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல், ஆண்டவரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டோம்.

ஆகவே இம்முறை, “வியாழக்கிழமை வாருங்கள், அப்பாவையும் அழைத்து வாருங்கள்” என்று அனுப்பிவிட்டு, இடைப்பட்ட நாள்களில் நாம் மாணவரானோம். கல்லூரிப் பேராசிரியர் ஒருவரையும், வங்கியில் பணிபுரியும் அன்பியப் பொறுப்பாளர் ஒருவரையும் தேடிப்போய்க் கேட்டு எழுதிக்கொண்டோம்.

வியாழன் மாலை மூவரும் வந்தனர். தந்தையின் கைகளில் வலை இழுத்த தழும்புகள். முதல் கேள்வியை மகனிடம் கேட்டோம்: “தம்பி, எந்த நாடு என்பது இருக்கட்டும். எதைப் படிக்க விரும்புகிறாய்?”

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பேசத் தொடங்கியவன் நிறுத்தவில்லை. அவன் குழந்தையாக இருந்தபோது கோவில் கொடிமரத்துக்கும் கடலுக்கும் இடையே நான்கு வரிசைக் குடிசைகள் இருந்தனவாம், இப்போது ஒன்றுமில்லை. நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை என்றான். தென்மேற்குப் பருவக்காற்றில் வடக்கே போகும், வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே வரும். ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வடக்கே போவதே அதிகம். குறுக்கே ஒரு சுவரைக் கடலுக்குள் நீட்டினால் தென்புறம் மணல் சேரும், வடபுறம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்ததும் இதனால்தான். “நம்ம ஊருக்குத் தூண்டில் வளைவு கேட்டு மனு கொடுக்கிறோம், ஃபாதர். அதைப் போட்டால் அடுத்த ஊர் அரிக்கும். இதற்கு வேறு வழி இருக்கிறதா என்று படிக்க ஆசை” என்றான்.

தந்தை மகனை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் அவ்வீட்டில் நடந்த பேச்செல்லாம் நாட்டைப் பற்றியும் ரூபாயைப் பற்றியுமே. படிப்பைப் பற்றி யாரும் கேட்டிருக்கவில்லை.

இந்த ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கடிதங்களையும் படித்தபோது, அவை வேறுவிதமாகத் தெரிந்தன. அமெரிக்கக் கடிதத்தில் கடலே இல்லை. “பின்னே ஏன் இதற்கு விண்ணப்பித்தாய்?” என்றோம். “ஏஜெண்ட் அதில்தான் சீக்கிரம் இடம் கிடைக்கும் என்றார், ஃபாதர்” என்றான். மாணவரைச் சேர்த்துவிடும் முகவர்கள் பலருக்குக் கூலி கொடுப்பது பல்கலைக்கழகங்களே என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது. அவர்கள் எல்லாரும் பொய்யர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் விற்பவரிடம் ‘எதை வாங்கலாம்’ என்று கேட்பவர், அவர் யாருக்காகப் பேசுகிறார் என்பதை மறக்கலாகாது.

தரவரிசைப் பட்டியலும் அவன் கையில் இருந்தது. நம் நாட்டில் 2016 முதல் மத்திய அரசே ஆண்டுதோறும் இத்தகைய பட்டியலை வெளியிடுகிறது. உலக அளவிலும் பல உண்டு. அவை பயனற்றவை அல்ல. ஆயினும் உலகப் பட்டியலில் நாம் முதலில் பார்க்கும் எண் பெரும்பாலும் முழுப் பல்கலைக்கழகத்துக்கானது. முதுநிலை மாணவன் முழுப் பல்கலைக்கழகத்தில் படிப்பதில்லை. ஒரு துறையில், சில பேராசிரியரிடம், ஓர் ஆய்வுக்கூடத்தில் படிக்கிறான். கார்டினல் நியூமன் 1852இல் டப்ளினில் பல்கலைக்கழகம் பற்றி ஆற்றிய உரைகள் புகழ்பெற்றவை. 2025 நவம்பர் முதல் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். ஆசிரியரும் மாணவரும் கூடி வாழ்ந்து அறிவைப் பகிரும் இடமே பல்கலைக்கழகம் என்பது அவர் எண்ணம். கட்டடம் பெரிதா என்று கேட்பதைவிட, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்பதே சரி. அவ்வாறே, எந்தப் பாடங்கள் கட்டாயம், ஆய்வேடு எழுத வேண்டுமா, அத்துறைப் பேராசிரியர் அண்மையில் எதை ஆராய்கிறார், சென்ற ஆண்டு முடித்தவர் எங்கே இருக்கிறார் என்ற நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தோம்.

பிறகு கணக்கு. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் சொன்ன உவமையை எத்தனையோ முறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். ‘உட்கார்ந்து’ என்ற சொல்லை அன்றுதான் கவனித்தோம். நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். பழைய திருமண ஓலைப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினோம்.

அமெரிக்காவுக்கு முகவர் சொன்ன கடன் 45 இலட்சம். ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டி என்றால், வட்டி மட்டுமே மாதம் 41,250 ரூபாய். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்கிறார்கள். ஆனால் கடன் கைக்கு வந்த நாள் முதல் வட்டி ஓடுகிறது. படிப்பு முடிந்தபின் அங்கே வேலை பார்க்க 12 மாத அனுமதியும், அறிவியல் தொழில்நுட்பப் பட்டமானால் மேலும் 24 மாதங்களும் உண்டு. முதல் 12 மாதத்தில் வேலையின்றி இருக்கும் நாள்கள் மொத்தம் 90ஐத் தாண்டலாகாது. அதற்கு மேல் தங்க வேண்டுமானால் எச்-1பி விசா, அதுவும் பெரும்பாலும் குலுக்கலில். நாம் இப்படிக் கணக்குப் பார்த்த மூன்றாம் மாதமே, 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருப்போருக்கான புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஓர் இலட்சம் டாலர் கட்டணம் என்று அந்நாட்டு அதிபர் ஆணை பிறப்பித்தார். ஒரு நாட்டின் சட்டம் அந்நாட்டின் உரிமை. அடுத்தவர் சட்டத்தின்மேல் நம் வீட்டுப் பத்திரத்தை வைப்பதுதான் நாம் யோசிக்க வேண்டியது.

செர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் 2017 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. ஆனால் ‘இலவசம்’ என்ற சொல் ஏமாற்றும். முதலாண்டு வாழ்க்கைச் செலவுக்கான 11,904 யூரோவை, அதாவது ஏறத்தாழ 12 இலட்சம் ரூபாயை, முன்கூட்டியே முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோ வீதம் மாணவனுக்கே அது திரும்பி வரும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர் தம் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஏ.பி.எஸ். சான்றும் பெற வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். கடையும் வேலையும் மருத்துவமனையும் செர்மன் மொழியில்தான் நடக்கும். ஆண்டில் 140 முழு நாள்கள் வேலை செய்யலாம்; படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதங்கள் உண்டு.

மூன்றாவதான நம் நாட்டு இடத்திற்குச் செலவு மிகக் குறைவு. கேட் மதிப்பெண்ணோடு சேரும் எம்.டெக். மாணவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆனால் அவனுக்குக் கிடைத்தது கட்டடங்களின் படிப்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் கடற்பொறியியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதற்கு அவன் மதிப்பெண் எட்டவில்லை.

இங்கே நாம் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கணக்கு முடிந்தபோது, ‘உள்ளூரிலேயே இரு’ என்று சொல்லிவிட நம் நாக்குத் துடித்தது. அது ஞானம் என்றே முதலில் நினைத்தோம். பிறகு அது ஞானமன்று, அச்சம் என்று புரிந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நம் உற்சாகத்தை ஒரு மகன்மேல் சுமத்தினோம். இப்போது நம் குற்ற உணர்வை இன்னொரு மகன்மேல் சுமத்தப் பார்த்தோம். இரண்டிலும் தேர்வு செய்தவர் நாமே, சுமப்பவர் வேறொருவர். புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சிகளில், வழிநடத்துபவர் தராசின் முள்போல நடுவில் நிற்க வேண்டும், எப்பக்கமும் சாயலாகாது என்கிறார். குருமடத்தில் அதைத் தேர்வுக்காகப் படித்தோம். முள்ளாக நிற்பது எவ்வளவு கடினம் என்பது அன்று அந்த மேசையில் தெரிந்தது.

ஆகவே அவர் காட்டிய வழி ஒன்றையே மகனுக்குக் கொடுத்தோம். “நீ இதுவரை கண்டிராத ஒருவன், உன் நிலையிலேயே, உன் மூன்று கடிதங்களோடும் உன் தங்கையோடும் உன் வீட்டுப் பத்திரத்தோடும் உன்னிடம் வருகிறான். அவனுக்கு நன்மையை மட்டுமே நீ விரும்புகிறாய். என்ன சொல்வாய்? கோவிலில் அரைமணி நேரம் இருந்துவிட்டு வா” என்றோம்.

அவன் திரும்பி வந்து சொன்னான்: “அமெரிக்கா வேண்டாம் என்பேன், ஃபாதர். அதில் அவன் கேட்ட படிப்பே இல்லை. செர்மனிக்குப் போ என்பேன். 1962இல் கடல் ஹாம்பர்க் நகருக்குள் வந்து முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஹனோவரில் 300 மீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் கட்டி அதில் அலை எழுப்பிப் பார்க்கிறார்கள். கடலிடம் அடிபட்டுப் படித்தவர்கள் அவர்கள். ஆனால் வீட்டை வைத்துப் போகாதே என்பேன். இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.”

அதுவரை பேசாதிருந்த தந்தை அப்போதுதான் வாய்திறந்தார். “சாமி, எஞ்சினுக்கு வாங்கின கடன் வர்ற வருசம் தீந்துரும். ஒரு வருசம் பொறுத்தா என்ன? காத்து சரியில்லன்னா நாங்க கரையிலதான் இருக்கோம். கடலு எங்க போயிரப் போவுது?”

நமக்கோ, பேராசிரியருக்கோ, வங்கிப் பணியாளருக்கோ தோன்றாத நான்காவது வழி அது. படிவத்தின் எஞ்சிய இடத்தில் எழுதினோம். மகன் ஓராண்டு கட்டுமான வேலைக்குப் போவது; செர்மன் மொழி கற்பது. ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கே பொதுத்துறை வங்கிகள் பொதுவாகச் சொத்தைப் பிணையாகக் கேட்கின்றன. ஆகவே கடன் அதற்குள் நிற்க வேண்டும். எஞ்சியதற்கு அவன் சம்பளமும் வீட்டுச் சேமிப்பும். இரண்டாம் ஆண்டுக்கு அங்கே கிடைக்கும் பகுதிநேர வேலையும், எஞ்சின் கடன் தீர்ந்தபின் தந்தை அனுப்பக் கூடியதும். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். செர்மனி வாய்க்காவிட்டால் மீண்டும் நம் நாட்டில் முயலலாம். தங்கையின் கல்லூரிப் பணத்தைத் தொடக் கூடாது என்று அவனே எழுதி அடிக்கோடிட்டான்.

தாயின் முகம் மட்டும் தெளியவில்லை. “கையில வந்த மூணையும் விட்டுட்டு ஒரு வருசம் வீணாக்குறதா சாமி? ஊரு என்ன சொல்லும்?” என்று கண்கலங்கினார். அவருக்கு ஒரு கதை சொன்னோம். நம் கடற்கரைக்கும் அக்கதைக்கும் உறவு உண்டு.

இஞ்ஞாசியார் படிக்கத் தொடங்கியதே முப்பது வயதுக்கு மேல். பார்சலோனாவில் சிறுவரோடு உட்கார்ந்து இலத்தீன் படித்தார். ஆன்மாக்களுக்கு உதவும் அவசரத்தில் அல்காலாவுக்குப் போய், எல்லாப் பாடங்களையும் ஒருசேரப் படித்து, ஒன்றிலும் அடித்தளமின்றி நின்றார். அங்கும் சாலமாங்காவிலும் விசாரணையும் சிறையும் வந்தன. 1528 பெப்ருவரியில் நடந்தே பாரிசுக்குப் போனார். ஏறத்தாழ 37 வயதில், தம் அடித்தளம் சரியில்லை என்று ஒப்புக்கொண்டு, மறுபடியும் இலத்தீன் இலக்கணத்திலிருந்து சிறுவரோடு தொடங்கினார். கைப்பணத்தை நம்பி ஒருவனிடம் கொடுத்தார். அவன் அதைச் செலவழித்துவிட்டான். சத்திரத்தில் தங்கிப் பிச்சையெடுத்துப் படித்தார். அதில் படிப்பு கெட்டது. ஆண்டுக்கு ஒருமுறை பிளாண்டர்ஸ் சென்று எசுப்பானிய வணிகரிடம் உதவி கேட்டு, ஆண்டு முழுமைக்கும் சேர்த்துக்கொண்டு வந்து படிப்பது என்று வழி கண்டார். கல்விக் கணக்கைப் புனிதரும் போட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. பிறகு சேர்ந்த புனித பார்பரா கல்லூரியில் அவரோடு ஓர் அறையில் இருந்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் சவேரியார். அவரே 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். “பாரிசில் அவர் வீணாக்கிய ஆண்டுகள் இல்லையென்றால் நம் ஊருக்குச் சவேரியார் ஏது அம்மா?” என்றோம். அவர் சிரிக்கவில்லை, ஆனால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

அச்சவேரியார் 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், பாரிசு முதலிய பல்கலைக்கழகங்களுக்குப் போய், அறிவு மிகுந்து அன்பு குறைந்தவர்களைப் பார்த்துப் பித்தன்போலக் கத்த வேண்டும் என்று தமக்குத் தோன்றுவதாகச் சொல்கிறார். நம் கரையில் கண்ட தேவையே அவரை அப்படி எண்ண வைத்தது. எங்கே படிப்பது என்ற கேள்விக்குள் யாருக்காகப் படிப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. நாம் வந்த கால்மணி நேரத்தில் தீர்ப்புச் சொன்ன அந்த நாளில், இவ்விரண்டையுமே கேட்டிருக்கவில்லை.

அன்பு வாசகரே, உங்கள் பிள்ளை கடிதங்களோடு வரும்போது பங்குத்தந்தையிடம் அழைத்து வாருங்கள், நன்று. ஆனால் தீர்ப்புக் கேட்காதீர்கள். நம்மோடு மேசையருகே உட்காருங்கள். பிள்ளையைப் பேச விடுங்கள். கணக்கை எழுதுங்கள். கடல் அறிந்த தந்தையைப் பேச விடுங்கள்.

இது நடந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அவன் அரசுப் பாலம் ஒன்றின் பணியிடத்தில் வேலை பார்க்கிறான். இரவில் செர்மன் பாடம். மீண்டும் விண்ணப்பித்திருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம். அதை அவனும் அறிவான், நாமும் அறிவோம். பழைய பங்கின் அந்தத் தந்தையை நாம் போய்ப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தோம். அதை இங்கே எழுதுவதற்கில்லை.

ஒவ்வொரு பௌர்ணமி மறுநாளும் விடியலில், கோவில் கொடிமரத்தின் அடியிலிருந்து அலை தொட்ட கோடு வரை அவன் நாடா பிடித்து அளக்கிறான். நாடாவின் மறுமுனையைப் பிடிப்பது அவன் தந்தை. அளவைக் குறித்துவைக்கும் நோட்டு பங்கு இல்லத்து அலமாரியில், ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.